மயிலாத்தாளின் இன்னொரு கை

வண்டி இருக்குதுங்க. நல்லா ஓடற வண்டிதான், ஊட்டுல நிக்குது. நான் ஓட்டறதில்லீங்க. கிளட்ச் புடிச்சா கைக்கு ஆகறதில்ல. வலியில்லீங்க, வலின்னாத் தைலம் தேச்சுக்கலாம். கிளட்ச்சுக்கு உள்ள ஒரு கம்பி இழுபடுதில்லீங்களா, அது என் உள்ளங்கைக்குத் தெரியுதுங்க. மத்தவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுது. அதனால எங்க போனாலும் பஸ்ஸுதான்.

பேரு சென்னியப்பனுங்க. பாரஸ்ட்டுல கார்டா இருந்தன். இருபத்தொம்போது வருசம். ரிட்டயர்டாயி ரெண்டு வருசம் ஆச்சு. அத்தனை வருசத்துல எம்மேல ஒரு மெமோ கெடையாதுங்க. ஒண்ணே ஒண்ணு வந்துச்சு, அது தொப்பி போடாததுக்கு. அத விட்டுருங்க.

நம்ம நாட்டுல மான் வேட்டைக்கு சீசன்னு சர்க்கார் எதுவும் வெக்கலீங்க. எந்த மாசம் அடிச்சாலும் ஜெயிலுதான். ஆனா அடிக்கறவனுக்கு ஒரு சீசன் இருக்குதுங்க. மாசி கடைசில ஆரம்பிச்சு கோடை மழை எறங்கற வரைக்கும். பள்ளமெல்லாம் வத்திப்போயி, ஒரு ரெண்டு மூணு எடத்துலதான் தண்ணி தேங்கிக் கெடக்கும். மானு அங்க வந்துதான் ஆகணும். ஊருக்குள்ள நோம்பி திருவிழாவும் அப்பத்தான் வரும். சொந்தம், ஒறம்பரைன்னு வரும், கறி வேணும். எல்லாம் ஒண்ணாச் சேந்துக்கும். அந்த மூணு மாசம் எங்களுக்கு ஊடு வாசல் கெடையாது. வெடியால அஞ்சு மணிக்குப் பள்ளத்துல எறங்கினா, பொழுதோடதான் கேம்ப்புக்கு ஏறுவம்.

நான் சொல்றது எட்டு வருசத்துக்கு முந்தின சித்திரைங்க. ஆலம்பள்ளம்னு, அதுதான் எனக்குன்னு பிரிச்சு விட்ட காடு. அந்த வருசம் அந்தக் காட்டுல மானு போயிட்டே இருந்துச்சு. ஒரு எடத்துல தோலு கெடக்கும், ஒரு எடத்துல நாலு கொளம்பு கெடக்கும். துப்பாக்கிச் சத்தமே கேக்காது. சுருக்கு வெச்சுப் புடிக்கறான். மோட்டார் பைக் கிளட்ச் வயர் இருக்குதில்லீங்களா, அத வளையமாப் போட்டு தண்ணிக்குப் போற தடத்துல கட்டி வெச்சர்றது. மானு தலையக் குடுத்துச்சுன்னா அவ்வளவுதான், இழுக்க இழுக்க எறுகும்.

ரேஞ்சர் ஐயா மீட்டிங்குல எல்லார்த்துக்கும் முன்னால கேட்டாருங்க. "சென்னியப்பா, உன் காட்டுல மானு இருக்குதா, இல்ல மானு தோலு மட்டுந்தான் இருக்குதா?"

அத்தன பேரும் சிரிச்சாங்க. சடையன் மட்டும் சிரிக்கல.

சடையன்னா என்கூட இருந்த வாட்சருங்க. மலை மேல கல்மொக்கைன்னு ஒரு செட்டில்மெண்டு, அந்த ஊரு. என் வயசுதான். நான் காட்டுக்குப் படிச்சுட்டு வந்தவன், அவன் காட்டுலயே பொறந்தவன். மண்ணப் பாத்தான்னா, வெடியால போச்சா நேத்துப் போச்சா, சினையா சும்மாவா, எல்லாஞ் சொல்லிருவான். பதினோரு வருசம் ஒரே டப்பாவுல சோறு திண்ணுருக்கறம். அண்ணான்னு கூப்பிடுடான்னா கூப்பிட மாட்டான். சாருன்னுதான்.

அந்தச் செவ்வாக்கெழம வெடியால நாங்க ரெண்டு பேருந்தான் எறங்கினம். நல்லா வெளிச்சம் வந்திருச்சு. தண்ணிக்குப் போற தடத்துல சடையன் சட்டுனு நின்னான். மூணு சுருக்கு. பத்தடிக்கு ஒண்ணு. புது வயரு, கிரீஸ் வாசம் கூடப் போகல. சடையன் ரெண்ட அறுத்துப் பையில போட்டான். மூணாவதுல கைய வெச்சப்ப நாந்தான் சொன்னன், அது இருக்கட்டும்னு.

"எதுக்குங் சாரு?"

"வெச்சவன் பாக்க வருவானில்ல. வரட்டும். கையும் களவுமாப் புடிக்கலாம்."

"அதுக்குள்ள மானு வந்துருமுங் சாரு."

"வந்தா வரட்டும்டா. வெறுஞ் சுருக்கோட புடிச்சா கோர்ட்டுல நிக்காது. மானு இருந்தா நிக்கும்."

இதுல தப்பென்ன இருக்குதுங்க? சட்டம் அப்படித்தான். நான் சட்டத்துக்காகத்தான் சொன்னன். மீட்டிங்குல சிரிச்சாங்கன்னு இல்லீங்க.

நாப்பதடி தள்ளி ஒரு பாறை. அதுக்குப் பின்னாடி உக்காந்தம். ஏழு மணி இருக்கும். நாலஞ்சு மானு வந்துச்சு. முன்னால வந்தது ஒரு பொட்டை. வயிறு பெருத்திருந்துச்சு. சடையன் எந்திரிக்கப் பாத்தான், நான் தோளப் புடிச்சு அமுத்தினன். அது தலையக் குடுத்திருச்சு.

மானு மாட்டுனா மொதல்ல கத்துமுங்க. அந்தக் கத்தலுக்கு மத்த மானெல்லாம் ஓடிப்போயிரும். அப்புறம் துள்ளும். துள்ளத் துள்ள எறுகும். பொறவு அதுக்கே புரிஞ்சு போயிருமுங்க, துள்ளுனா எறுகுதுன்னு. அப்ப நின்னுக்கும். அசையாம நின்னுக்கும். மூச்சு மட்டும் வரும். கம்பி வேருல உரசிட்டு ஒரு சத்தம் வரும். மூச்சு ஒண்ணு, கம்பி ஒண்ணு. மூச்சு ஒண்ணு, கம்பி ஒண்ணு. நாப்பதடிக்கு அது கேக்குமான்னு நீங்க கேப்பீங்க. கேட்டுச்சுங்க.

"அவுத்து உட்டுரலாங் சாரு," சடையன் சொன்னான்.

"செத்த இருடா. வந்துருவான்."

எட்டு மணி ஆச்சு. ஒம்போது ஆச்சு. மறுக்காச் சொன்னான்.

"சினைங் சாரு அது."

"தெரியுதுடா. எனக்குக் கண்ணில்லையா? அவன் வெயில் ஏறுறதுக்குள்ள வருவான். அவன இன்னைக்கு விட்டா இன்னும் இருவது மானு போகும். ஒண்ணப் பாப்பியா, இருவதப் பாப்பியா?"

மூணாந் தடவ அவன் கேக்கல. திரும்பி மானுக்கு முதுகக் காட்டி உக்காந்துட்டான். அதுவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. வாட்சர்னா பாக்கறதுதான வேலை.

பதினோரு மணிக்கு வெயிலு கொளுத்துச்சு. பாறை சுட்டுச்சு. எனக்கும் தாகமாத்தான் இருந்துச்சுங்க, மானுக்கு மட்டுமில்ல. பாட்டில எடுத்துக் குடிச்சன். சடையனுக்கு நீட்டினன். வேண்டாம்னுட்டான். மானு முட்டி போட்டு உக்காந்திருச்சு. நாக்கு வெளிய வந்து ஒரு பக்கமாத் தொங்குச்சு. தண்ணி அங்கிருந்து முப்பதடிதான். அது அந்தப் பக்கமே பாத்துட்டிருந்துச்சு.

பன்னண்டு, பன்னண்டரை இருக்கும். சருகு மிதிபடற சத்தம். நான் சடையனத் தொட்டன். வந்துட்டான்டா.

வந்தது ஆம்பள இல்லீங்க. மயிலாத்தா.

மயிலாத்தாள எனக்குத் தெரியுமுங்க. அடிவாரத்துல கரட்டூர்க்காரி. புருசன் இல்ல. ஒரு பொண்ணு, கோகிலம்னு. நாலு ஆடு வெச்சிருந்துச்சு, மத்தபடி வெறகு பொறுக்கித்தான் பொழப்பு. காஞ்ச வெறகு பொறுக்கறதுக்கு அந்த ஊருக்கு நாங்களே பாஸு குடுத்திருந்தம். ஆனா பச்ச மரத்துல அருவா வெக்கக் கூடாது. மாசி மாசம் ஒரு பச்சக் கெளைய வெட்டிருச்சுன்னு அதோட அருவாளப் புடுங்கி வெச்சுட்டன். செக்போஸ்ட் வாசல்ல பொழுது எறங்கற வரைக்கும் நின்னுச்சுங்க. "சாமி, அருவா இல்லீன்னா ஆட்டுக்குத் தழை இல்லீங்க சாமி"ன்னு. நான் குடுக்கல. ஒருத்தருக்குக் குடுத்தா பத்துப் பேரு வருவாங்க. நான் யாருக்கும் விரோதமில்லீங்க, எல்லார்த்துக்கும் ஒரே மாதிரிதான்.

தலையில சும்மாடு. ஒரு கையில புது அருவா. தோள்ல ஒரு துணிப்பை. வந்தது மானப் பாத்துட்டு அப்படியே நின்னுருச்சு. சுத்தியும் பாத்துச்சு. ஏன் சுத்திப் பாக்கணும்னு நீங்களே சொல்லுங்க. தப்புப் பண்ண வர்றவங்கதான சுத்திப் பாப்பாங்க? அப்ப எனக்கு அப்படித்தான் பட்டுச்சு.

பக்கத்துல போச்சு. மானு எந்திரிக்கப் பாத்து முடியாம விழுந்துச்சு. அந்தம்மா ஏதோ பேசுச்சுங்க. என்ன பேசுச்சுன்னு எனக்குக் கேக்கல. ஆட்டுகிட்டப் பேசற மாதிரி இருந்துச்சு. அப்புறம் துணிப்பைல இருந்து ஒரு பாட்டிலு எடுத்துச்சு. ரெண்டு லிட்டர் பாட்டிலு, கூல் டிரிங்ஸ் வருமே, அது. உள்ளங்கைல தண்ணிய ஊத்தி அந்த நாக்குகிட்ட வெச்சுச்சு. மொதல்ல மானு தலைய உதறிச்சு. மறுக்கா வெச்சுச்சு. மானு நக்குச்சுங்க.

பாத்தனுங்க. இல்லீன்னு சொல்லல. பாத்தன்.

அப்புறம் பாட்டில எடது கையில புடிச்சுட்டு, வலது கை அருவாளக் கொண்டுபோயி கீழ அறுக்க ஆரம்பிச்சுச்சு. எனக்கு அது மானு கழுத்தாட்டந்தான் தெரிஞ்சுச்சு. சடையன்தான் காதுகிட்டச் சொன்னான்.

"வேர அறுக்கறா சாரு. கம்பி கட்டுன வேர."

வேரோ கழுத்தோ, பச்ச வேர வெட்டறதும் குத்தந்தானுங்களே. இத நான் சடையன்கிட்டச் சொன்னன். சொல்லீட்டு எந்திரிச்சு விசில் ஊதினன்.

நான் விசில் ஊதாம, "மயிலாத்தா"ன்னு பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். அது இப்பத் தோணுது. அப்ப எனக்குத் தோணலீங்க. காலையிலிருந்து ஒரு ஆளப் புடிக்கோணும்னு உக்காந்திருக்கறன், ஆளு வந்திருக்குது, விசில் ஊதிட்டன்.

அந்தம்மா காக்கிச் சட்டையப் பாத்தது. அருவாள மாரோட அணைச்சுட்டு ஓடுச்சு. திரும்பவும் அருவா போயிருமேன்னு பயந்திருக்கும்னு சடையன் பின்னால சொன்னான். எனக்கு எப்படிங்க தெரியும்? ஓடறவங்கள வெரட்டறதுதான் எங்க வேலை. "நில்லு"ன்னு கத்திட்டு நானும் ஓடினன். பள்ளத்துக்கு மேல பாறை சரிவா எறங்கும். சருகு மூடிக் கெடக்கும், காலு வெச்சா வழுக்கிரும். பழக்கமான எடந்தான் அந்தம்மாவுக்கு. ஆனா திரும்பி என்னப் பாத்துட்டே ஓடுச்சுங்க. அதுதான்.

விழுந்த சத்தம் பெருசா இல்ல. ரெண்டு ஆள் ஒசரம் இருக்கும்.

நாங்க சுத்தி எறங்கிப் போனப்ப உசிரு இருந்துச்சு. தலைக்குக் கீழ கல்லு நனைஞ்சிருந்துச்சு. சடையன் அந்தத் தலையத் தூக்கி மடில வெச்சுட்டான். கண்ணு என்னப் பாத்துச்சு. பயந்த மாதிரி இல்லீங்க. ஏதோ மறந்ததக் கேக்கற மாதிரி.

"மானு போயிருச்சுங்களா சாமி?"

நான் போயிருச்சுன்னு சொன்னன். "போயிருச்சும்மா, மேட்டு மேல ஏறிப் போயிருச்சு."

அப்பவும் மேல அந்தக் கம்பிச் சத்தம் கேட்டுட்டுத்தான் இருந்துச்சு. இந்த விசயத்துல நான் சொன்ன ஒரே பொய்யி அதானுங்க. அதுவும் ஒரு நல்லதுக்குச் சொன்ன பொய்யி.

வாக்கி டாக்கி பள்ளத்துல எடுக்காது. நான் மேடேறிப் போயி ரேஞ்சருக்குத் தகவல் குடுத்துட்டு வந்தன். அதுக்குள்ள அந்தம்மா போயிருச்சு. சடையன் அந்தம்மா தலைய அவன் சட்டை மேல வெச்சுட்டு, மேல போயி சுருக்க அறுத்து விட்டிருந்தான். மானால நிக்க முடியல. கழுத்துல கம்பி எலும்பு வரைக்கும் போயிருந்துச்சு. ஜீப்பு வந்து சேர்றதுக்குள்ள அதுவும் முடிஞ்சுபோச்சு.

பாட்டிலு அங்கதான் கெடந்துச்சு, மானு பக்கத்துல. கால்வாசி தண்ணி மிச்சம் இருந்துச்சு. நான் அத எடுத்துட்டு வந்துட்டன். காட்டுக்குள்ள பிளாஸ்டிக் போடக் கூடாதுங்க, அது ரூல்சு. மான் கெடந்தாலும் மனுசன் கெடந்தாலும் ரூல்சு ரூல்சுதான். செக்போஸ்ட்டுல டூரிஸ்ட்டுகிட்டப் புடுங்குன பாட்டிலெல்லாம் ஒரு சாக்குல போட்டு வெப்பம், அந்தச் சாக்குல போட்டுட்டன். மறுநாளு அது ஊராட்சி வண்டில போயிருச்சு.

ரிப்போர்ட் நாந்தான் எழுதினன். அப்படியே மனப்பாடம் எனக்கு. கரட்டூர் மயிலாத்தாள், வயது நாப்பத்தாறு, சுருக்கில் சிக்கிய சினை மானின் அருகில் அரிவாளுடன் காணப்பட்டார். எச்சரித்தும் நிற்காமல் தப்பி ஓடும்போது பாறையில் வழுக்கி விழுந்து இறந்தார். இதுல எது பொய்யி? சொல்லுங்க. மானு இருந்துச்சு. அருவா இருந்துச்சு. ஓடுச்சு, விழுந்துச்சு. நான் இல்லாதது ஒண்ணும் எழுதலீங்க. எழுதாததெல்லாம் பொய்யி ஆயிருமுங்களா?

சாவுங்கறதால மேல இருந்து ஒரு அதிகாரி விசாரணைக்கு வந்தாரு. நல்ல மனுசன். என்னக் கேட்டாரு, ரிப்போர்ட்டுல இருக்கறதையே சொன்னன். அடுத்து சடையனக் கூப்பிட்டாரு. நான் கதவுகிட்ட நின்னுட்டிருந்தன்.

"நீ பாத்தப்ப அந்தப் பொம்பளை கையில என்ன இருந்துச்சு?"

சடையன் என்னப் பாத்தான். அப்புறம் "அருவாங் சாமி"ன்னான். ரேகை வெச்சான். முடிஞ்சுபோச்சு.

வெளிய புளியமரத்தடில டீக்கடை. ரெண்டு டீ சொன்னன். அவன் டம்ளரக் கையில வெச்சுட்டுக் குடிக்காம நின்னான்.

"சாரு, நான் பொய்யி சொல்லல."

"பொய்யின்னு ஆருடா சொன்னாங்க?"

"ஒரு கையில அருவாதான். இன்னொரு கையில என்னன்னு அந்தச் சாமி கேக்கல. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்."

"அதான் கேக்கலையே. விடு."

"நீங்களும் கேக்கச் சொல்லல சாரு."

டீய அப்படியே பெஞ்சு மேல வெச்சுட்டுப் போயிட்டான். மறுநாளு கேம்ப்புக்குப் போனா, அவன் காக்கிச் சட்டை மடிச்சுக் கட்டில் மேல இருக்குது. தொவைச்சு மடிச்சிருந்தான். பதினோரு வருசம் ஒரே டப்பாவுல சோறு திண்ணவன், சொல்லீட்டுப் போலாமில்லீங்க? இப்பச் செங்கச் சூளைல இருக்கறானாமா. ஒருக்காச் சந்தையில பாத்தன். என்னத் தாண்டி எதையோ பாத்துட்டுப் போயிட்டான்.

அருவா சாட்சிப் பொருளாயிருச்சு. செருப்பு, சும்மாட்டுத் துணி, அந்தப் பை, இதையெல்லாம் வாங்க அந்தப் பொண்ணு கோகிலம் செக்போஸ்ட்டுக்கு வந்துச்சு. அப்ப இருவது வயசு இருக்கும். கையெழுத்துப் போட்டு வாங்குச்சு. பையத் தொறந்து பாத்துட்டு என்னக் கேட்டுச்சு.

"பாட்டில் எங்கங்க சாரு?"

"பாட்டில்னு எதுவும் லிஸ்ட்டுல இல்லியேம்மா."

லிஸ்ட்டுல இல்லீங்க. அதுவும் உண்மைதான். லிஸ்ட்டு எழுதுனது நாந்தான்னாலும், இல்லாதத இருக்குதுன்னா சொல்ல முடியும்?

அந்தக் கேசுல குத்தவாளி எறந்துட்டாங்கன்னு முடிச்சுட்டாங்க. முடிச்சாலும் பேப்பர்ல பேரு இருக்குதில்லீங்களா. வேட்டைக் கேசு இருக்கற ஊட்டுக்கு வெறகு பாஸு கெடையாது, மேய்ச்சலுக்கும் கெடையாது. ரூல்சு. அந்தப் பொண்ணு ஆட்ட வித்துட்டுதாமா. ஊருக்குள்ள மான்காரி மகள்னு பேரு வந்திருச்சாமா. நானா அந்தப் பேர வெச்சன்? ஊரு வெச்சுது.

எனக்கு அடுத்த குடியரசு தினத்துக்கு ஒரு நற்சான்றிதழ் குடுத்தாங்க. ரேஞ்சர் ஐயாவே கைதட்டுனாரு. அது பீரோவுக்குள்ள துணிக்கு அடில கெடக்குது.

அதுக்கடுத்த சித்திரைல பக்கத்துக் காட்டுல ஒருத்தன் சிக்குனான். பைக் மெக்கானிக்கு. கடையில சாக்கு நெறைய பழைய கிளட்ச் வயரு. எங்கெங்க வெச்சன்னு எடங்காட்டக் கூட்டிட்டுப் போனம். ஒவ்வொண்ணாக் காட்டிட்டே வந்தவன், ஆலம்பள்ளத்துல அதே தடத்துல வந்து நின்னான். "இங்க போன வருசம் மூணு வெச்சனுங்க. எடுக்க வந்தப்ப பாறைக்குப் பின்னால நீங்க உக்காந்திருந்தீங்க, தொப்பி தெரிஞ்சுச்சு. அப்படியே திரும்பீட்டன்"னான்.

நான் கேட்டன். "எத்தன மணிக்குடா வந்த?"

"ஏழரை இருக்குமுங்க."

ஏழரை. நாங்க உக்காந்து அரை மணி நேரத்துல வந்துட்டுப் போயிட்டானுங்க. அப்புறம் பன்னண்டரை வரைக்கும் நாங்க ஆருக்காக உக்காந்திருந்தம்? அந்த மானு ஆருக்காக மூச்சு வாங்கிட்டிருந்துச்சு?

அதையும் நான் எழுதலீங்க. பழைய கேசு முடிஞ்சது. முடிஞ்ச கேசத் தொறந்தா எத்தன பேருக்குக் கஷ்டம். என்ன மட்டும் சொல்லல, ரேஞ்சர், அந்த அதிகாரி, எல்லார்த்துக்குந்தான்.

சர்வீஸ்ல இருக்கற வரைக்கும் ஒண்ணும் தெரியலீங்க. ரிட்டயர்டாயி ஊட்டுல உக்காந்தப்புறந்தான். ஊட்டுக்குப் பின்னால பொறங்கடைல துணி காயப் போடற கம்பி கட்டியிருந்தம். ஈரத் துணி பாரத்துக்குக் காத்தடிச்சா அது முட்டுக்கல்லுல உரசும். மத்தியானத்துல, சரியா வெயில் நேரத்துல. மூச்சு ஒண்ணு, கம்பி ஒண்ணு. நான் கம்பிய அவுத்துப் போட்டுட்டுக் கயிறு கட்டினன். கயிறுலயும் கேக்குதுங்க. கயிறையும் அவுத்துட்டன். இப்பத் துணியெல்லாம் செடி மேலதான் காயுது. எஞ் சம்சாரம் துளசிமணி ஒண்ணும் கேக்காத பொம்பளை. ஒரு நாளு கேட்டுட்டா. "கம்பியில்ல, கயிறில்ல, இப்ப எதக் கேட்டுட்டு உக்காந்திருக்கறீங்க?"

சொன்னன். மொத மொதலா முழுசா அவகிட்டத்தான் சொன்னன். அவ செடி மேல கெடந்த துணியெல்லாம் எடுத்து மடிச்சா. அப்புறம், "அந்தப் பொண்ணுகிட்டப் போயிச் சொல்லீட்டு வாங்க"ன்னா.

போனனுங்க. போன மாசம். கரட்டூர்ல எறங்கி, கோகிலம் ஊடு எதுன்னு கேட்டா, "மான்காரி மக ஊடா?"ன்னு கேட்டுட்டுத்தான் வழி காட்டுனாங்க. அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமாயி, அதே ஊட்டுலதான் இருக்குது. என்னப் பாத்ததும் அடையாளம் தெரிஞ்சுக்குச்சு. மொகம் மாறுச்சு. ஆனாலும் "வாங்க"ன்னுது. நாற்காலி போட்டுச் சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. குடிக்க முடியலீங்க. கையிலயே வெச்சிருந்தன்.

"கோகிலம், உங்கம்மா கையில அன்னைக்கு ஒரு பாட்டிலு இருந்துச்சும்மா. மானுக்குத் தண்ணி குடுத்துச்சு. சுருக்க அவுக்கத்தான் வேர அறுத்துச்சு. நான் கண்ணால பாத்தன்."

அழுமுன்னு நெனச்சன். அழுகலீங்க.

"தெரியுமுங்க."

"எப்படிம்மா தெரியும்?"

"அந்தப் பாட்டில்ல தண்ணி மோந்து குடுத்ததே நாந்தானுங்களே. எங்கம்மா எப்படிப்பட்டவங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா? சடையண்ணனும் காரியத்தன்னைக்கு வந்து சொல்லீட்டுப் போனாருங்க. உள்ள வரல. வாசல்லயே நின்னு அழுதுட்டுப் போனாரு."

சடையன் எங்கிட்ட இதச் சொல்லவே இல்லீங்க.

நான் சொன்னன், "எட்டு வருசமா எம் மனசுல இருந்துச்சும்மா, இன்னைக்குத்தான் எறக்கி வெச்சன்"னு. அந்தப் பொண்ணு என்னையே பாத்துச்சு. கோவமாச் சொல்லலீங்க. சின்னக் கொழந்தைக்குச் சொல்ற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொல்லுச்சு.

"எங்கிட்ட எறக்கி வெச்சு என்னங்க சாரு ஆகும்? எனக்கு அன்னைக்கே தெரியும். ஆபீஸ் பேப்பருக்குத் தெரியாது. எம் பையன் அடுத்த வருசம் பள்ளிக்கூடம் போறான். அவனையும் மான்காரி பேரன்னுதான் கூப்பிடுவாங்க. நீங்க எழுதுனது. நீங்கதான் அங்க போயிச் சொல்லோணும்."

சொம்ப வாங்கிட்டு உள்ள போயிருச்சு.

நாயமான பேச்சுதானுங்க. நான் மறுக்கல. அன்னைக்கே ஊட்டுக்கு வந்து எழுதிட்டன். இந்தாங்க, பாக்கெட்டுலதான் இருக்குது. நாலு பக்கம். மனுன்னு போட்டு, பாட்டிலு, வேரு, சினை, நான் பாறைக்குப் பின்னால தண்ணி குடிச்சது, ஏழரை மணிக்கு அவன் வந்துட்டுப் போனது, ஒண்ணு விடல. இப்ப உங்ககிட்டச் சொன்னன் பாருங்க, அதேதான், கொஞ்சம் நல்ல தமிழ்ல. பெரிய ஆபீஸ்ல குடுத்தா கேச மறுபடி பாப்பாங்க. வக்கீலு ஒருத்தரக் கேட்டன், முடியும்னாரு. எம்மேல நடவடிக்கை வரலாமுன்னும் சொன்னாரு. வரட்டும். அதுக்குப் பயந்தவன் இல்லீங்க நான்.

ஆமாங்க, அங்கதான் போயிட்டிருக்கறன். வன ஆபீஸ் ஸ்டாப்பு.

அந்த ஸ்டாப்பு போயிருச்சுங்களே. அப்பவே. அந்தம்மா வேர அறுத்தத உங்களுக்குச் சொல்லீட்டு இருந்தப்ப. கண்டக்டர் சொன்னாரு, எனக்குக் கேட்டுச்சு. நான் எப்படிங்க எந்திரிக்க முடியும்? அந்த எடத்துல நிறுத்திட்டு நான் எறங்கிப் போயிருந்தா, ஒரு பொம்பளை அருவாளோட மானு பக்கத்துல உக்காந்திருந்தான்னுதான உங்க மனசுல நின்னிருக்கும்? அது பாவமில்லீங்களா? ஒரு ஆளுக்காச்சும் முழுசாத் தெரியோணுமில்லீங்க.

நாளைக்குப் போய்க்கலாம். ஆபீஸ் எங்க போகுது. நேத்தும் இந்தப் பஸ்ஸுதான். ஒரு வாத்தியார் உக்காந்திருந்தாரு, நீங்க உக்காந்திருக்கற எடத்துல. அவருக்கும் முழுசாச் சொன்னன்.